நிறுத்தற் கடிகாரமும் அதனை ஏந்தும் கையும்

எழுத்துக்கள் ஒலிக்கும் கால அளவை வரையறுக்கப் புகுந்த தொல்காப்பியர், அதற்கு நாழிகை வட்டிலையோ நிழலளக்குங் கோலையோ துணைக்கொண்டாரல்லர். இயல்பாகக் கண் இமைப்பதற்கும் கைவிரல் நொடிப்பதற்கும் செல்லும் காலமே ஒரு மாத்திரை என அமைத்தார். காலத்தை அளக்கும் கருவி ஈண்டு மனிதனின் உடம்பே. தமிழகத்தார் இன்று செக்கனை நொடி என வழங்கும்போது அந்தப் பழைய விரலோசை இன்னும் கேட்கின்றது. ஈழத்து வகுப்பறைகளில் நாம் செக்கன் என்றே பழகிவிட்டோம். சொல் எதுவாயினும், குறுகிய காலத்தை அளக்குமிடத்துக் கண்ணையும் விரலையும் விட்டு விலகுதல் எளிதன்று. இதனையே இக்கட்டுரையில் விளக்க விரும்புகின்றேன்.

சுவரிலே தொங்கும் கடிகாரமும் நிறுத்தற் கடிகாரமும் ஒரே குலத்தன. ஆயின் ஒரே தொழிலன அல்ல. முன்னது எவரையும் எதிர்பாராது ஓடிக்கொண்டிருக்கும். வேண்டியவன் வேண்டியபோது நிமிர்ந்து பார்த்துக்கொள்வான். பின்னதோ மனிதன் தொடக்கினாலன்றித் தொடங்காது. அவன் நிறுத்தினாலன்றி நில்லாது. அவனுடைய இரண்டு செய்கைகளுக்கு இடைப்பட்ட காலத்தையே அது காட்டுகின்றது. ஆகவே உட்பொறி எத்துணை நுட்பமுடையதாயினும், அவ்விரு செய்கைகளிலும் நேரும் பிழை விடையிலே வந்து சேர்ந்துவிடும்.

இக்கருவி இப்பொழுது நம்மிற் பலருடைய சட்டைப்பையிலுள்ள கைத்தொலைபேசியில் ஒரு செயலியாக அடங்கிக் கிடக்கின்றது. கணினி நிரலெழுதப் பயிலும் மாணவர் முதன்முதல் முயன்று பார்ப்பனவற்றுள் நிறுத்தற் கடிகாரமும் ஒன்று. எழுதுதல் எளிது. பிறர் கையிற் கொடுத்த பின்னரே இடர்ப்பாடுகள் வெளிப்படும். பொத்தான் சிறிது என்பார் ஒருவர்; கணக்கு அழிந்துவிட்டது என்பார் இன்னொருவர்; இலக்கங்கள் போதா என்பார் மற்றொருவர். இக்குறைகளுள் எவற்றைக் கொள்வது, எவற்றைத் தள்ளுவது? இவ்வினா கைத்தொலைபேசியோடு பிறந்ததன்று. நிறுத்தற் கடிகாரத்தின் வரலாறே பயன்படுத்துவோர் கூறிய குறைகளின் வரலாறு எனலாம்.

இங்கிலாந்திலே லிச்பீல்ட் நகரில் மருத்துவராயிருந்த சேர் ஜோன் புளோயர் நாடித்துடிப்பை எண்ணிக் கணிக்கும் முறையைப் பரப்ப விரும்பினார். அக்காலத்துக் கடிகாரங்கள் அதற்கு உதவவில்லை. ஒரு நிமிடம் மாத்திரம் ஓடி நிற்கும் கடிகாரமொன்றைச் சாமுவேல் வாட்சன் என்னும் கடிகாரக் கைவினைஞரைக் கொண்டு செய்வித்து, அம்முறையை 1707ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். ஈண்டுக் கருத்தூன்ற வேண்டியது, கடிகாரக்காரர் தாமாக இதனை ஆக்கவில்லை என்பதே. நோயாளியின் மணிக்கட்டிலே கையை வைத்திருந்தவர்க்கே குறை தெரிந்தது.

1821ஆம் ஆண்டு பாரிஸ் நகரின் மார்ஸ் திடலில் நடந்த குதிரைப் பந்தயத்தில் நிக்கொலா றியூசெக் என்பார் வேறொரு கருவியைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு குதிரையும் முடிவிடத்தைக் கடக்கும்போது அழுத்தினால், சுழலும் தட்டின்மீது மைத்துளி ஒன்று விழும். ஒரு குதிரையின் நேரத்தைக் குறிப்பதற்காகக் கடிகாரத்தை நிறுத்தினால் அடுத்த குதிரையின் நேரம் போய்விடுமன்றோ? நில்லாமலே குறித்துக்கொள்ளும் கருவி இது. காலத்தை எழுதுவது என்னும் பொருள்படக் குறோனோகிராப் என அதற்குப் பெயர் வந்தது. இன்று செயலிகளில் சுற்று என எழுதப்பட்டிருக்கும் பொத்தான் அந்த மைத்துளியின் வழித்தோன்றலே.

இன்னுமொரு குறை எஞ்சியிருந்தது. ஒருமுறை அளந்த பின் முள் எங்கேயோ நிற்கும். மறுமுறை அளப்பதற்கு முன் அதன் நிலையைக் குறித்துவைத்துப் பின்னர்க் கழித்துப் பார்த்தல் வேண்டும். அடொல்ஃப் நிக்கோல் 1844இல் உரிமம் பெற்ற இதயவடிவத் தகடு இத்தொல்லையைத் தீர்த்தது. வெற்றிலை போன்ற அத்தகட்டின் விளிம்பிலே சிறு சுத்தியல் ஒன்று விழும். தகடு எந்நிலையில் நின்றாலும் சுத்தியல் அதனைத் திருப்பி அதன் பள்ளத்திலே வந்து அமரும். முள் பூச்சியத்திலே நிற்கும். இத்துணை எளிய வடிவம் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகியும் பொறிக் கடிகாரங்களில் மாறாதிருப்பது வியப்பே. ஆனால் ஒரே பொத்தானை முதல்முறை அழுத்தத் தொடங்கி, இரண்டாம் முறை நின்று, மூன்றாம் முறை பூச்சியமாகும் அமைப்பில், நிறுத்திய கணக்கை விட்ட இடத்திலிருந்து தொடர வழியில்லை. அதற்கென இரண்டாவது பொத்தான் ஒன்று, பிறைற்லிங் நிறுவனத்தாரின் 1934ஆம் ஆண்டுக் கைக்கடிகாரத்திலே அமைந்தது.

இவ்வரலாற்றை இவ்வளவில் நிறுத்தி, கடிகாரத்தின் குறை எது, கைக்குரிய இயல்பு எது என்பதை உலகம் பிரித்தறிந்த விதத்தைக் காண்போம். அதற்கு ஒரு மனிதன் தன் தொழிலையே இழக்க வேண்டியிருந்தது.

கிறீனிச் வானாய்வு நிலையத்திலே பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் விண்மீன் ஒன்று தொலைநோக்கியிலுள்ள மெல்லிய கம்பியைக் கடக்கும் கணத்தைக் குறிக்கும் முறை இது: பார்ப்பவர் கடிகாரத்தின் செக்கன் ஒலியைக் காதால் எண்ணிக்கொண்டே கண்ணால் விண்மீனைப் பின்பற்றுவார். ஓர் ஒலியின்போது விண்மீன் கம்பிக்கு இப்பால் எவ்வளவு தொலைவில் நின்றது, அடுத்த ஒலியின்போது அப்பால் எவ்வளவு தொலைவில் நின்றது என மனத்திற்கொண்டு, செக்கனின் பத்திலொரு பங்குவரை மதிப்பிடுவார். அரச வானியலாளரான நெவில் மஸ்கலினுக்கு உதவியாளராயிருந்தவர் டேவிட் கினெபுறூக். 1795ஆம் ஆண்டில் அவருடைய குறிப்புக்கள் தம்முடையவற்றிலும் அரைச் செக்கன் பிந்துவதை மஸ்கலின் கண்டார்; எச்சரித்தார். வேறுபாடு குறையவில்லை, 0.8 செக்கன் வரை வளர்ந்தது. 1796ஆம் ஆண்டின் தொடக்கத்திலே கினெபுறூக் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். ஒழுங்கற்ற முறையிலே குறிக்கும் வழக்கத்திற்குள் அவர் விழுந்துவிட்டார் என்பதே மஸ்கலினின் முடிபு.

இருபது ஆண்டுகளுக்கு மேற் சென்றபின், கோனிக்ஸ்பேர்க் நகரிலிருந்த பெசல் என்னும் வானியலாளர் இந்நிகழ்ச்சியைப் படித்துச் சிந்தித்தார். எச்சரிக்கப்பட்ட ஒருவர் தம்மைத் திருத்திக்கொள்ள முயன்றும் வேறுபாடு வளர்ந்தது ஏன்? பெசல் தம்முடைய குறிப்புக்களையும் தேர்ந்த பிற வானியலாளரின் குறிப்புக்களையும் ஒப்பிட்டார். அவர்களிடையேயும் வேறுபாடு இருந்தது. சிலரோடு ஒப்பிட்டபோது அது ஒரு செக்கன் அளவினதாயிருந்தது. எவரும் கவனக்குறைவுடையவரல்லர். கண்ணும் காதும் ஒருங்கே தொழிற்படும்போது ஒவ்வொருவருக்கும் தமக்கே உரிய தாமதமொன்று உண்டு. இதனை ஆள்வழிச் சமன்பாடு என வானியலார் பெயரிட்டு, கணக்கிலே சேர்த்துக் கழிக்கக் கற்றுக்கொண்டனர். இதனை அறியுமுன்னரே, 1802இல், கினெபுறூக் மறைந்துவிட்டார். மஸ்கலினைத் தீயவர் எனக் கூறுதல் நேர்மையன்று. அவர் குறிப்புக்களை மறைக்காது அச்சிட்டமையினாலன்றோ பெசல் உண்மையைக் காண முடிந்தது. எனினும், கருவி சரி, கை பிழை என உடனே தீர்ப்பளிக்கும் வழக்கம் மஸ்கலினோடு ஒழியவில்லை. செயலி ஆக்குவோர் சிலர், 'அது பயன்படுத்துபவரின் தவறு' என்று கூறக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கினெபுறூக்கின் நினைவு வருவதுண்டு.

இனி விளையாட்டு மைதானத்துக்கு வருவோம். எமது பாடசாலைகளின் இல்ல மெய்வல்லுநர் போட்டிகளில் முடிவிடத்தருகே மேடையிட்டு, கையிலே நிறுத்தற் கடிகாரத்துடன் ஆசிரியர்கள் நிற்பதை யாவரும் கண்டிருப்பர். 100 மீற்றர் ஓட்டத்தைத் தொடக்கும் துப்பாக்கி அவர்களிலிருந்து 100 மீற்றர் அப்பால் வெடிக்கின்றது. ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 340 மீற்றர் செல்லும். ஆகவே ஓசை மேடையை வந்தடைய 0.29 செக்கன் ஆகின்றது. புகையையோ ஒளியையோ பார்த்துத் தொடக்குக. ஓசையைக் கேட்டுத் தொடக்கற்க என விதி கூறுவது இதனாலேயே. ஒருவர் புகையைப் பார்த்தும் பக்கத்திலிருப்பவர் ஓசையைக் கேட்டும் தொடக்குவாராயின், இரு கடிகாரங்களும் பழுதற்றனவாயிருந்தும் இரு வேறு நேரங்களைக் காட்டும். 12 செக்கனில் ஓடும் மாணவன் 0.29 செக்கனில் கிட்டத்தட்ட இரண்டரை மீற்றர் கடந்துவிடுவான்!

புகையைப் பார்த்தே தொடக்கினும் முழுப் பிழையும் நீங்காது. கண்டதை மூளை உணர்ந்து விரலுக்குக் கட்டளையிட, செக்கனின் ஐந்திலொரு பங்களவு காலம் செல்கின்றது. தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே அளவு தாமதம் நேர்ந்தால் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடாதா என மாணவர் கேட்பது வழக்கம். நல்ல வினாவே; ஆயின் இரண்டும் ஒத்தவை அல்ல. துப்பாக்கி வெடிக்கும் கணத்தை எவரும் முன்கூட்டி அறியார். ஓடி வருபவனையோ முடிவிடத்துக்கு நெடுந்தொலைவிலிருந்தே கண் பின்தொடர்கின்றது. விரல் முன்னரே ஆயத்தமாகிவிடும். முடிவிலே தாமதம் மிகக் குறைவு. எனவே கையால் எடுக்கும் நேரம் உண்மை நேரத்திலும் குறைந்தே வரும். இதனை உணர்ந்தே மெய்வல்லுநர் துறையினர், 100 மீற்றர், 200 மீற்றர் ஓட்டங்களின் கைநேரத்தை இலத்திரனியல் நேரத்தோடு ஒப்பிடும்பொழுது 0.24 செக்கனும், 400 மீற்றருக்கு 0.14 செக்கனும் கூட்டி ஒப்பிட்டனர். 1977ஆம் ஆண்டு முதல் 400 மீற்றர் வரையான ஓட்டங்களில் கைநேரம் உலக சாதனையாக ஏற்கப்படுவதில்லை.

கைநேரத்துக்கான விதிகளைப் படித்துப் பார்ப்பவருக்கு அவை கையின் இயல்பை எவ்வளவு நன்கு அறிந்து எழுதப்பட்டவை என்பது புலப்படும். மூவர் நேரமெடுப்பர். இருவர் ஒத்திருந்தால் அதுவே நேரம். மூவரும் வேறுபட்டால் நடுவிலுள்ளது. இரண்டு கடிகாரங்களே எஞ்சி அவை வேறுபடின் கூடிய நேரம். கடிகாரம் 10.11 எனக் காட்டினால் 10.2 என எழுதல் வேண்டும். கிட்டிய இலக்கத்துக்கு இறக்கி 10.1 என எழுதுதல் கூடாது. கருவி நூறிலொரு பங்கைக் காட்டினாலும் விதி அதனை நம்பவில்லை.

கையை நம்புவதா, கண்ணை நம்புவதா என்னும் வழக்கு உலகறிய நடந்தது 1960ஆம் ஆண்டு உரோம் ஒலிம்பிக்கிலேயாம். ஆடவர் 100 மீற்றர் நீச்சலில் அவுஸ்திரேலியரான ஜோன் டெவிற்றும் அமெரிக்கரான லான்ஸ் லார்சனும் ஏறக்குறைய ஒருங்கே சுவரைத் தொட்டனர். டெவிற்றுக்கு நேரமெடுத்த மூவரின் கடிகாரங்களும் 55.2 எனக் காட்டின. லார்சனுக்கு எடுத்தவை 55.0, 55.1, 55.1. மூன்று கடிகாரங்களின்படியும் லார்சனே முந்தியவர். ஆயின் முதலிடத்தைப் பார்க்க அமர்ந்த நடுவர் மூவருள் இருவர் டெவிற் எனக் கூறினர். இரண்டாமிடத்தைப் பார்க்க அமர்ந்தோருள் இருவர் அவரையே இரண்டாமவர் எனக் கூறினர்! தலைமை நடுவர் டெவிற்றுக்குத் தங்கம் வழங்கினார். தீர்ப்போடு பொருந்தும்படி லார்சனின் நேரமும் 55.2 என மாற்றி எழுதப்பட்டது. முறையீடுகள் பயன் தரவில்லை. அளந்த எண்ணை முடிவுக்கேற்பத் திருத்துதல் பௌதிகச் செய்முறைக் குறிப்பேட்டில் மாணவர் செய்யின் நாம் பொறுப்போமா? இவ்வழக்கு நீச்சலுலகை ஓயாது உறுத்தியது. நீந்துபவர் தம் கையாலேயே கடிகாரத்தை நிறுத்தும் தொடுபலகைகள் 1968ஆம் ஆண்டு மெக்சிக்கோ ஒலிம்பிக்கிலே நீச்சற்றடாகத்தின் சுவரில் ஏறின. நேரமெடுப்பவரின் விரல் வழக்கிலிருந்து விலக்கப்பட்டது.

அதற்குப் பின் நிகழ்ந்தது இன்னும் படிப்பினையுடையது. 1972ஆம் ஆண்டு மியூனிச் ஒலிம்பிக்கில் 400 மீற்றர் கலப்பு நீச்சலில் சுவீடன் நாட்டுக் குன்னார் லார்சன் 4 நிமிடம் 31.981 செக்கனிலும் அமெரிக்கரான டிம் மக்கீ 31.983 செக்கனிலும் முடித்தனர். ஆயிரத்திலிரண்டு பங்கு வேறுபாட்டால் தங்கம் சென்றது. அவர்களுடைய சராசரி வேகத்தில் அக்காலத்துக்குரிய தூரம் ஏறத்தாழ 3 மில்லிமீற்றர். ஒரு தடாகத்தின் ஒழுங்கைகள் எல்லாம் 3 மில்லிமீற்றர் வேறுபாடுமின்றிக் கட்டப்பட்டவை என எவர் உறுதி கூறுவார்? எட்டு முறை அத்தடாகத்தை நீந்தியவர் எவ்வொழுங்கையில் நீந்தினார் என்பதே முடிவைத் தீர்மானித்திருக்கலாம். ஆதலால் நீச்சலார் ஆயிரத்திலொரு பங்கைக் கைவிட்டு நூறிலொரு பங்கோடு அமைந்தனர். அதிலும் ஒத்தால் இருவருக்கும் ஒரே இடம். கருவியால் இயன்றும் ஓர் இலக்கத்தை வேண்டுமென்றே வெட்டியெறிந்த இம்முடிவை நான் பெரிதும் மதிக்கின்றேன்.

நூறிலொரு பங்கு அற்பமானதன்று. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் 200 மீற்றர் இறுதியோட்டத்தில் எமது நாட்டுச் சுசந்திகா ஜயசிங்க 22.28 செக்கனில் ஓடினார். பகாமாஸ் நாட்டுப் போலீன் டேவிஸ் தொம்சன் 22.27. முதலிடத்தவர் பின்னாளில் ஊக்கமருந்துக் குற்றத்தால் நீக்கப்பட்டமையால் வெண்கலம் வெள்ளியாக உயர்ந்தது. வெள்ளி தங்கமாக உயர்ந்தது. தங்கத்துக்கும் வெள்ளிக்கும் இடையே நின்றது 0.01 செக்கன், அஃதாவது ஒன்பது சென்ரிமீற்றர். அதனை ஒளிப்படக் கருவி கண்டது. கையிலேந்திய கடிகாரம் எவ்வாற்றானும் கண்டிராது.

இவற்றை மனத்திற்கொண்டு கைத்தொலைபேசிச் செயலியை நோக்குவோம். அது நூறிலொரு பங்கைப் பளிச்செனக் காட்டுகின்றது. அதனுள்ளே துடிக்கும் பளிங்கு அதற்குப் போதிய நுட்பமுடையதே. ஆயின் அந்த எண்ணை உண்டாக்கியது மைதானத்தில் நின்ற ஒருவரின் பெருவிரல். வலய மட்டப் போட்டியில் இரண்டு தகுதிகாண் ஓட்டங்களின் நேரங்களை ஒப்பிட்டு, 13.42 எடுத்த மாணவியைச் சேர்த்து 13.47 எடுத்தவளை வீட்டுக்கு அனுப்பினால், ஓட்டத்தின் வேறுபாட்டை அன்று, இரு ஆசிரியரின் விரல் வேறுபாட்டையே அளந்தவராவோம். ஆண்டு முழுவதும் காலையில் எழுந்து பயிற்சி செய்த பிள்ளைக்கு அது எத்தகைய அநீதி!

பயன்படுத்துவோரிடம் 'என்ன வேண்டும்?' என வாயாற் கேட்டால், 'இன்னும் ஓர் இலக்கம்' என்பதே பெரும்பாலும் முதலில் வரும் விடை. அதனை அப்படியே கொள்ளுதல் ஆக்குபவரின் கடனன்று. அவர் மைதானத்துக்குச் சென்று பத்து ஓட்டங்கள் பார்ப்பாராயின், வாயாற் கூறப்படாத குறைகள் பல கண்ணுக்குப் புலப்படும். நேரமெடுப்பவர் ஓடுபவரைப் பார்க்கின்றாரன்றிக் கண்ணாடித் திரையைப் பார்ப்பதில்லை. பழைய கடிகாரத்தின் குமிழைப் பெருவிரல் தானே தேடிக் கண்டுபிடிக்கும். அழுத்தும்போது உள்ளே இறங்குவதை உணரும். வழுவழுப்பான கண்ணாடியிலே பொத்தானின் எல்லை விரலுக்குத் தெரியாது. வியர்த்த கையாயின் இன்னும் மோசம். ஆகவே திரையின் கீழ்ப்பாதி முழுவதையும் ஒரே பொத்தானாக்குதலும், பட்டவுடன் சிறிது அதிரச் செய்தலும் நன்று. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பக்கத்துப் பொத்தானையே தொடக்குவதற்குப் பயன்படுத்த வேண்டுமெனச் சிலர் கேட்பர். விசித்திரமான வேண்டுகோளாகத் தோன்றினும் அதன் உட்பொருள், விரலுக்குத் தட்டுப்படும் ஒன்று வேண்டும் என்பதே.

இன்னொரு நுட்பம் உண்டு. மாணவர் இதனைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. தொடுதிரையிலுள்ள பொத்தான்கள் பொதுவாக விரல் படும்போது தொழிற்படுவதில்லை; விரலை எடுக்கும்போதே தொழிற்படுகின்றன. தவறாகத் தொட்டவர் விரலை அப்பால் வழுக்கித் தப்பித்துக்கொள்ளட்டும் என்னும் நன்னோக்கம் அது. கடிதம் அனுப்பும் பொத்தானுக்கு அது பொருந்தும். நிறுத்தற் கடிகாரத்துக்குப் பொருந்தாது. படுவதற்கும் எடுப்பதற்கும் இடையே செக்கனின் பத்திலொரு பங்களவு காலம் கழியலாம். பதற்றத்தில் அழுத்துபவர் இன்னும் கூடுதலாக அழுத்திப் பிடிப்பார். ஆகவே விரல் பட்ட கணத்தையே கணக்கிற் கொள்ளுமாறு நிரலை எழுதுதல் வேண்டும்.

நிரலின் உள்ளே நேரும் பிழை ஒன்றையும் கூறிவிடுகின்றேன். முதன்முறை எழுதுபவர், நூறிலொரு பங்கு செக்கன் கழியுந்தோறும் ஒன்று கூட்டுக எனக் கட்டளையிடுவார். தொலைபேசி பல வேலைகளைச் செய்வது. குறித்த கணத்தில் வந்து கூட்டத் தவறும். தவறியவை சேர்ந்து சில நிமிடங்களில் கடிகாரம் பிந்திவிடும். தொடங்கிய கணத்தை மாத்திரம் குறித்துவைத்து, வேண்டும்போது இப்போதைய கணத்திலிருந்து அதனைக் கழிப்பதே முறை. அக்கணத்தையும் நாட்காட்டிக் கடிகாரத்திலிருந்து எடுத்தலாகாது. வலையமைப்பின் வழியே அது இடையிலே திருத்தப்படக்கூடும். தொலைபேசி இயங்கத் தொடங்கியது முதல் முன்னோக்கி மாத்திரம் செல்லும் கடிகாரம் ஒன்று அதனுள் உண்டு. அதனையே நாடுதல் வேண்டும். இவ்வாறு செய்தால் இடையிலே அழைப்பு வந்தாலும், திரை அணைந்தாலும், கணக்குக் கெடாது.

சுற்றுப் பொத்தானைப் பற்றி எழும் குறை, அதே சொல்லை இருவர் இரு பொருளிற் கொள்வதனால் வருவது. 1500 மீற்றர் பயிற்றுநருக்கு ஒவ்வொரு சுற்றும் தனியே எத்தனை செக்கன் என்பது வேண்டும். ஒரே கடிகாரத்தால் அறுவர் முடிவதைக் குறிப்பவருக்கோ தொடக்கத்திலிருந்து மொத்தம் எவ்வளவு என்பது வேண்டும். ஒன்றை மாத்திரம் காட்டும் செயலி மற்றவரை வெயிலில் நின்று கூட்டல் கழித்தல் செய்ய வைக்கும். இரண்டையும் அருகருகே காட்டுவதில் என்ன இடர்? அன்றியும் 400 மீற்றர்ப் பாதையில் 1500 மீற்றர் ஓட்டத்தின் முதற் பகுதி 300 மீற்றரே. அதனையும் முதலாம் சுற்று எனப் பெயரிட்டு மற்றவற்றோடு ஒப்பிட்டுச் 'சிறந்த சுற்று' எனப் பச்சை நிறத்தில் காட்டும் செயலிகள் பயிற்றுநரைச் சிரிக்க வைக்கும்.

குறைகளுள் எல்லாம் பெரியது கணக்கு அழிதல். ஓடும்போது சுற்று எனக் காட்டும் அதே பொத்தான், நிறுத்தியபின் பூச்சியமாக்கும் பொத்தானாக மாறுவது பல செயலிகளின் அமைப்பு. கடைசி ஓட்டக்காரர் இருவர் நெருங்கி வருகையில் ஒருவருக்குச் சுற்றும் மற்றவருக்கு நிறுத்தமும் அழுத்த எண்ணிய விரல் வரிசை மாறினால், அறுவரின் நேரமும் ஒருங்கே மறையும். ஓட்டத்தை மீண்டும் நடத்த இயலுமா? 'உறுதியாக அழிக்கவா?' எனச் செயலி வினவலாம் என்பர் சிலர். அடுத்த ஓட்டத்துக்கு விரையும்போது அவ்வினாவே தடையாகும். பழகியபின் வாசிக்காமலே ஆம் என அழுத்துவர். அழித்ததை ஒரு பட்டியலில் ஒதுக்கிவைத்து, வேண்டின் மீட்டெடுக்க விடுதலே சிறந்தது என்பது என் துணிபு. பொறிக் கடிகாரத்துக்கு இயலாதது இது. செயலிக்குச் சிறிதும் கடினமன்று.

கண் வேறிடத்தில் இருப்பவர்களுக்குக் கடிகாரம் எவ்வாறு உதவ வேண்டும் என்பதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு மருத்துவத்திலே உண்டு. குழந்தையின் நுரையீரல் அழற்சியை ஊரளவில் இனங்காண, ஒரு நிமிடத்தில் அது எத்தனை முறை மூச்சு விடுகின்றது என எண்ணுமாறு உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. 2 மாதம் முதல் 12 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 50 அல்லது அதற்கு மேல், 12 மாதம் முதல் 5 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 40 அல்லது அதற்கு மேல் எனின் அது விரைந்த மூச்சு. எண்ணுபவர் குழந்தையின் மார்பிலிருந்து கண்ணை எடுத்தால் எண்ணிக்கை தவறும். ஆகவே இதற்கென ஆக்கப்பட்ட யுனிசெவ்பின் சிறு கடிகாரம் அரை நிமிடத்திலும் ஒரு நிமிடத்திலும் ஒலியெழுப்புகின்றது, பார்க்கத் தேவையில்லை. புளோயர் கேட்ட ஒரு நிமிடமே இது. ஓட்டத்தில் நிகழ்ச்சியின் முடிவு தெரியும், காலம் தெரியாது. மூச்செண்ணுவதில் காலம் தெரியும், எண்ணிக்கை தெரியாது. ஏறுமுகமாக எண்ணும் நிறுத்தற் கடிகாரமும் இறங்குமுகமாக எண்ணும் நேரங்காட்டியும் ஒரே செயலியில் அடங்கும்போது, இவ்விரு தேவைகளும் குழம்பாதிருக்க இரண்டுக்கும் வெவ்வேறு தோற்றம் கொடுத்தல் அவசியம்.

இலக்கங்களின் வடிவமும் சிறு பொருளன்று. 1 என்னும் எண் மற்றையவற்றிலும் ஒடுங்கியதாயின், நேரம் ஓடும்போது வரி முழுவதும் இடமும் வலமும் நடுங்கும். எல்லா எண்களுக்கும் ஒரே அகலம் வேண்டும். நண்பகல் வெயிலில் கரும்பின்னணியிலுள்ள மெல்லிய வெள்ளெழுத்துக் கண்ணுக்குத் தெரியாது. இருண்ட அறையிலிருந்து வரைந்தவருக்கு அது அழகாகத் தோன்றியிருக்கும்!

எஞ்சி நிற்பது, நூறிலொரு பங்கைக் காட்டுவதா மறைப்பதா என்னும் வினா. பௌதிக ஆய்வுகூடத்தில் எளிய ஊசலின் அலைவுகாலத்தைக் காணும் மாணவன் ஓர் அலைவை அளப்பதில்லை. 20 அலைவுகளை அளந்து 20ஆல் வகுக்கின்றான். விரலால் நேரும் 0.2 செக்கன் பிழை ஓர் அலைவுக்கு 0.01 செக்கனாகச் சுருங்கிவிடுகின்றது. அவனுக்கு அவ்விலக்கத்தால் பயன் உண்டு. அதனை எவ்வாறு கையாள்வது என்பதும் அவன் கற்கவேண்டிய பாடமே. மைதானத்து ஆசிரியருக்கோ, விதி கூறுகின்றபடி பத்திலொரு பங்குக்கு மேல்நோக்கித் திருத்திய எண்ணையே பெரிதாகக் காட்டுதல் தகும். 13.42உம் 13.47உம் அப்போது 13.5 என ஒன்றாகவே நிற்கும். இரு மாணவியரையும் ஒரே ஓட்டத்தில் மீண்டும் நிறுத்திப் பார்க்க ஆசிரியருக்கு வழி பிறக்கும். இரு முறைகளுள் எது வேண்டும் என்பதைச் செயலியின் தொடக்கத்திலே ஒருமுறை கேட்டுவைத்தால் போதும். ஓட்டம் தொடங்கிய பின் கேட்கலாகாது.